பதினேழாம் வரி

மார்ச் 3

சுண்டு,

ஒன்பது நாளாகப் போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். மாப்பிள்ளையைக் கேட்டால், "அவ குளிச்சிட்டு இருக்கா அண்ணி" என்கிறார். ஒன்பது நாளாகவா குளிக்கிறாய்? தவளைகூட நடுவில் ஒரு தரம் கரைக்கு வரும். கடைசியில், எதையும் விடாமல் முதலிலிருந்து கடிதமாக எழுதச் சொன்னாயாம். சரி தாயே, எழுதுகிறேன்.

நாம் ஜெர்மன் மொழியில் செய்துகொடுத்த நீராவி இஸ்திரி இயந்திரக் கையேட்டின்படி வேலை செய்த ஒரு பெண்ணுக்குப் போன மாதம் இருபதாம் தேதி இரண்டு கையும் வெந்துவிட்டது. இங்கே ஒரு ஜெர்மன் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். படுக்கை விரிப்புகளை அழுத்துகிற பெரிய மூடி. சிவப்பு விளக்கு எரிந்தால் லீவரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மூடி பூட்டியபடியே நிற்கும், ஆவி தானாக அடங்கும். பூட்டைத் திறந்தால் ஆவி கை மேலேயே பாயும். ஆங்கில மூலத்தில் 'லீவரை ரிலீஸ் செய்யவும்' என்று இருந்தது. அந்தச் சனியன் பிடித்த வினைச்சொல் கையேடு முழுக்க முப்பத்தொரு தடவை வருகிறது. பிடியை விடு, பூட்டைத் திற, ஆவியை வெளியேற்று, ஆளுக்கு அனுமதி கொடு, எல்லாவற்றுக்கும் ஆங்கிலக்காரனுக்கு ஒரே ரிலீஸ். ஜெர்மன்காரன் விடுவானா? ஒவ்வொன்றுக்கும் தனி வினை கேட்பான். முப்பது இடத்தில் சரியாகப் போட்டேன். பதினேழாம் வரியில், கையை விடச் சொல்லும் 'லோஸ்லாஸன்' வர வேண்டிய இடத்தில், பூட்டைத் திறக்கச் சொல்லும் 'என்ட்ரீகல்ன்' என்று போட்டுவிட்டேன். அதற்கு முந்தைய நாலு வரியும் பூட்டைப் பற்றியே இருந்தன. கை அந்த ஓட்டத்திலேயே போய்விட்டது.

விஷயம் காதில் விழுந்த அன்றே கோப்பில் அந்த வரியைத் திருத்தி அனுப்பிவிட்டேன். இன்னொருத்தி வெந்துபோகக் கூடாது என்றுதான். இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிவிட்டார்கள். இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. நம் ஏஜென்சி ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டது: சரிபார்க்க என் ஜெர்மனிலிருந்து நீ திரும்ப ஆக்கிக் கொடுத்த ஆங்கிலமும் மூல ஆங்கிலமும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகின்றன, ஆகவே மொழிபெயர்ப்பில் பிழை இல்லை என்று.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'சரிபார்க்கும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை' என்று ஒரே வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாம் அக்கா தங்கை என்பதை யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். வாயைத் திறந்தால் இரண்டு பேருடைய மொழிபெயர்ப்பாளர் முத்திரையும், அதோடு தொழில் உரிமையும் போய்விடும்.

அக்கா

மார்ச் 7

அக்கா,

ஏன் கடிதம் கேட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் நீ பாதி சொன்னால் மீதியை நான் சொல்லிவிடுகிறேன். நீ "ஆமாடி, அதேதான்" என்பாய். அப்புறம் நீ நிஜமாகவே அதைத்தான் சொல்ல வந்தாயா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தாளில் அந்த வேலை நடக்காது. உன் வாக்கியத்தை நீயேதான் முடிக்க வேண்டும்.

அந்த வியாதிதான் அந்த அம்மாவின் கையைச் சுட்டது.

நம் தொழில் எப்படி நடக்க வேண்டும்? நீ ஆங்கிலத்தை ஜெர்மனாக்குவாய். மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத ஒரு வேற்றாள் அந்த ஜெர்மனைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். எங்காவது இரண்டு ஆங்கிலமும் இடித்தால் அங்கே பிழை. வேற்றாளாக இருக்க வேண்டும் என்பதுதான் அதில் உயிரே. 'சரிபார்ப்பவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் முன்பின் பழக்கம் இல்லை' என்கிற கட்டத்தில் ஆறு வருஷமாக நாம் இருவரும் டிக் போடுகிறோம். ஊர் வேறு, வீட்டுப்பேர் வேறு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாய். ஏஜென்சி மேலாளர் வேறு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சொல் பிசகுறதில்லைங்க" என்று புகழுவார். உச்சி குளிர்ந்துபோய் நிற்போம்.

உன் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்பதைச் சொல்ல நாலு நாளாக மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன். தட்டச்சு செய்வதற்கு முன் நான் எல்லாவற்றையும் பச்சை அட்டை நோட்டில் பென்சிலில் எழுதிக்கொள்வேன், உனக்குத் தெரியும். பதினேழாம் வரியின் ஜெர்மன் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே நான் முதலில் எழுதிய ஆங்கிலம், 'லீவரின் பூட்டைத் திறக்கவும்'. யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள், ஏனென்றால் நீ எழுதியது அதுதான். அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'ரிலீஸ் செய்யவும்'.

அடித்தது நான்தான். என் கைதான்.

எழுதி முடித்ததும், இங்கே பூட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் உறுத்தியது. அக்கா இந்த மாதிரி இடத்தில் ரிலீஸைத்தான் இப்படிப் போடுவாள், மூலத்தில் அதுதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லி மாற்றிவிட்டேன். சரியாகவும் ஊகித்தேன் பார், அதுதான் கொடுமை. நான் தப்பாக ஊகித்திருந்தால் அந்த அம்மாவுக்கு இன்று கை நன்றாக இருந்திருக்கும்.

ஏன் கேட்கவில்லை என்பாய். நாலு வருஷத்துக்கு முன் ஒரு தடவை நம் ஆங்கிலங்கள் இடித்தன, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர்ப் பம்ப் கையேடு. ஏஜென்சி உன்னைக் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேட்டது. அதற்கு நீ என்னோடு ரெண்டு மாதம் பேசவில்லை. என் பிரசவத்துக்குக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம் எனக்கு ஜெர்மன் படிக்கத் தெரியவில்லை அக்கா, உன் முகத்தை மட்டும்தான் படித்தேன்.

சுண்டு

மார்ச் 10

சுண்டு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

ஆக உனக்குத் தெரிந்திருக்கிறது! நான் செய்தது கைப்பிசகு. நீ செய்தது கண்ணால் பார்த்து, உறுத்தி, பென்சிலை எடுத்துக் கோடு போட்டது. பிழை பிடிக்கத்தானே உன்னை உட்கார வைத்தது? காவலுக்கு நின்றவளே கதவைத் திறந்துவிட்டு, இப்போது வீட்டுக்காரியைப் பார்த்து, "நீ ஏன் பூட்டலை?" என்கிறாய். பிரசவத்துக்கு வராததை வேறு இதில் இழுத்துவிட்டாய். வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரயில் டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, வாசல் வரை வந்து திரும்பிப் போனேன். அது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

முத்திரை போனால் உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பாடம் நடத்துவாய். எனக்கு என்ன இருக்கிறது? பதினாலு வருஷம் இந்த நாற்காலி, இந்த இரண்டு அகராதி. இங்கே நம் தமிழ்க்காரர்கள்கூட என்னை "ஜெர்மன் அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பெண்ணுக்காக நான் வருத்தப்படாத நேரம் இல்லை. ஆனால் வெந்த கை நாம் வாயைத் திறப்பதால் ஆறப்போகிறதா? பதினோரு வருஷம் அதே வேலையில் இருப்பவள், மூடியைத் திறக்கும்போது தள்ளி நிற்கத் தெரியாதா? சூப்பர்வைசரும் கவனக்குறைவு என்றுதான் எழுதியிருக்கிறார்.

அந்த நோட்டில் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போடு. கிழிக்காமல் விசாரணையில் போய் நின்றாயானால், உனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை. வேற்றாள்தானே வேண்டும் என்றாய்? நிஜமாகவே வேற்றாளாகிவிடுவேன்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

பக்கத்தைக் கிழிக்கவில்லை. நேற்று அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

நான் யார் என்று சொல்லவில்லை. கையேட்டு ஆபீசிலிருந்து வருகிறேன் என்றேன், அதுவே பாதிப் பொய். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகள் கதவைத் திறந்தாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. மகள் தம்ளரை வாயருகே பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். மூக்கு அரித்தால்கூட மகளைத்தான் கூப்பிட வேண்டும். "எம்பது கிலோ துணியைத் தனியா தூக்கினவ நான், இப்போ பாரு, மூக்கு சொறிய ஒரு உதவியாளர்!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் உன் பதினேழாம் வரியை ஜெர்மனில் அப்படியே ஒப்பித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. என்ட்ரீகல்ன் என்றுதான் சொன்னார். புது இயந்திரம், வந்து மூன்றே நாள், அதனால் சுவரில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தாராம். அன்றுதான் முதல் தடவை சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது.

"பூட்டைத் திறன்னு போட்டிருந்துச்சு, திறந்தேன். சொன்னதைத்தான் செஞ்சேன்மா. ஆனா இப்போ சுவத்துல வேற மாதிரி இருக்காம். தேதி அதே பழைய தேதியாம். என் கூட வேலை செய்யறவங்க போட்டோ எடுத்துட்டு வந்து காட்டினாங்க. சூப்பர்வைசர் என்னைப் பொய்க்காரின்னு சொல்லலை, அதைச் சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். 'வலியில உனக்குக் குழம்பிடுச்சு'ங்கிறார்" என்றார்.

அப்புறம் கட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "ஒருவேளை நான்தான் தப்பாப் படிச்சேனோ?" என்றார்.

அக்கா, கை வெந்தது நம் பிழை. இது பிழை இல்லை. கண்ணால் பார்த்ததையே ஒருத்தி சந்தேகப்படும்படி பண்ணிவிட்டோம். விசாரணை அவருக்கு எதிராகப் போனால் வேலையும் போகும், இந்தச் சந்தேகம் மட்டும் சாகிறவரை கூட வரும்.

இருபத்துநாலாம் தேதி நோட்டோடு போகப்போகிறேன். என் வாக்குமூலத்தை ஜெர்மனில் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே, பிழையைப் பார்த்தும் மறைத்தது நான் என்றுதான் எழுதியிருக்கிறேன். கோப்பைப் பிறகு மாற்றியது யார் என்று தெரியாது என்று எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு வேலை செய். அதை ஆங்கிலத்தில் போட்டு அனுப்பு. என்னைத் தெரியாதவள் போலப் படி. நான் என்ன சொல்ல வந்தேன் என்று யோசிக்காதே, என்ன எழுதியிருக்கிறேன் என்று மட்டும் பார்.

சுண்டு

மார்ச் 18

சுண்டு,

உன் வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். முதல் நாலு வாக்கியத்தை ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். ஐந்தாவதை என்னால் போட முடியவில்லை. 'கோப்பை மாற்றியவர் யார் என்று எனக்குத் தெரியாது.' இலக்கணம் சரி, சொற்கள் சரி. மூன்று தரம் உட்கார்ந்தேன், மூன்று தரமும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பதினாலு வருஷத்தில் யார் யாருடைய பொய்யையோ மொழிபெயர்த்திருக்கிறேன், பேனா ஒரு நாளும் நின்றதில்லை. எனக்காக நீ சொல்கிற பொய்யை மட்டும் எழுத வரவில்லை.

நானும் ஒன்று சொல்லவில்லை. பழைய பக்கத்தை 'எடுத்துவிட்டார்கள்' என்று எழுதினேன் அல்லவா? அவர்களாக எடுக்கவில்லை. நான்தான் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "பழசைக் கிழிச்சுப் போட்டுடுங்க, ரெண்டு பக்கம் இருந்தா குழப்பம் வரும்" என்றேன். புதியதில் தேதியை மாற்றாமல் விட்டதும் மறதி இல்லை. இன்னொருத்தி வெந்துபோகக் கூடாது என்று உனக்கு எழுதினேன், அது நிஜம்தான். ஆனால் அந்த நிஜத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இதையும் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அந்த அம்மாவை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, அதனால் சுலபமாக இருந்தது.

நீ எழுதிய கடிதத்தில் அந்த மூக்கு சொறிகிற இடம் இருக்கிறதே, அது போகவே மாட்டேன் என்கிறது. நேற்று எனக்கு மூக்கு அரித்தது. கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை எதிர்பார்க்காதே.

அக்கா

மார்ச் 21

அக்கா,

நாளைமறுநாள் காலை ரயில். இருபத்துநாலு, பத்து மணி, இரண்டாவது மாடி. ஐந்தாவது வாக்கியத்தை அடித்துவிட்டேன், அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. அது என் வாக்கியம் இல்லை.

'நீ வருவாய் என்று எனக்குத் தெரியும்' என்று இந்தக் கடிதத்தை முடித்தேன். அப்புறம் அதையும் அடித்துவிட்டேன், கீழே பார்த்தால் தெரியும். தெரியாது அக்கா. இந்தத் தடவை ஊகிக்க மாட்டேன்.

சுண்டு

மார்ச் 26

அக்கா,

பத்து மணிக்குப் போனேன். வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். உன்னைத் தேடினேன், இல்லை. சரி, அவளுக்கு அவள் நாற்காலிதான் பெரிது என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன், திட்டிக்கொள்.

அந்த அம்மா மகளோடு வந்திருந்தார். சூப்பர்வைசர் எதிர் வரிசையில். ஏஜென்சி மேலாளர் என்னைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தார், பாவம். என் முறை வந்ததும் நோட்டை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, கோடு, ரிலீஸ், டிக் போட்ட கட்டம், எல்லாம். அக்கா தங்கை என்றதும் மேலாளர் முகத்தில் ஈ ஆடவில்லை. விசாரணை அதிகாரி நோட்டைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். உன் கையெழுத்து. தலைகீழாகப் பார்த்தாலும் எனக்குத் தெரியாதா?

"இவங்க நேத்து சாயங்காலமே வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க" என்றார்.

ஒரு நாள் முன்னாலேயே வந்திருக்கிறாய். என் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்றா? இல்லை, ஊகிக்க மாட்டேன் என்று சொன்னேன், ஊகிக்கவில்லை. நீயே சொல்.

அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். "ஒண்ணும் ஒத்துப்போகலையேம்மா. சரிபார்த்தவங்க மேல தப்பே இல்லை, பக்கத்தைக் கிழிக்கச் சொன்னதும் தேதியை மறைச்சதும் நான்னு இவங்க எழுதியிருக்காங்க. பார்த்தும் மறைச்சது நான், அவங்க செஞ்சது வெறும் கைப்பிசகுன்னு நீங்க சொல்றீங்க. எதை எடுத்துக்கறது?" என்றார்.

"ரெண்டையும் எடுத்துக்கங்க சார். ரெண்டு பேரும் செஞ்சோம்" என்றேன்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். பத்து நிமிஷம் மழுப்பினான். உன் போன் வந்த தேதியையும் நேரத்தையும் அதிகாரி படித்துக் காட்டியதும் தலையைத் தொங்கப்போட்டுவிட்டான்.

பிறகு அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்து, "நீங்க படிச்சது சரிதாம்மா. அன்னிக்கு அங்க அப்படித்தான் எழுதியிருந்தது" என்றார். அந்த அம்மா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார். அவர் சொன்னார். மகளைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். பிறகு மறுபடியும் அதிகாரியிடம், "எழுதியும் கொடுப்பீங்களா?" என்றார்.

வேலை அவருக்கு இருக்கும். கை எவ்வளவு தேறும் என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். "இப்போ முடியாதும்மா, போயிட்டு வா" என்றார். போயிட்டு வா என்றாரே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். கட்டுப் பிரித்ததும் மறுபடி போவேன். நீயும் வர வேண்டும், அது மட்டும் என் முடிவு, உன்னைக் கேட்கவில்லை.

என் முத்திரையை அங்கேயே கொடுத்துவிட்டேன். உன்னுடையது முந்தின நாளே அவர் மேஜையில் இருந்தது, நீ அதை வைத்திருக்கும் பழைய சிவப்பு டப்பாவோடு. மூடியில் சின்ன வயதில் நான் ஆணியால் கீறி வைத்த கோணல் பூனை அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. 'ஜெர்மன் அம்மா' இனி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் படி இறங்கியவள் யார் என்று கேட்டால் சொல்லுவேன். என் அக்கா.

அந்தத் தண்ணீர்ப் பம்புக்கு அப்புறம் நாலு வருஷம் ஒரு சொல்கூட இடிக்காமல் கொடுத்தோம், ஒரு அம்மாவின் கை வெந்தது. இந்த ஒரு தடவை நம் வாக்குமூலங்கள் ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு. குளிக்கப் போக மாட்டேன். நீ பேசு, நடுவில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிறுத்து. மீதியை நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லி முடிக்கிறவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சுண்டு